வெனிஸ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்: பஸ்ஸா, படகா, டாக்சியா? (வயதான பெற்றோர், நான்கு பெரிய பெட்டி)

கோவை_செந்தில்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். துபாயில் மாறி, வெனிஸ் மார்க்கோ போலோ விமான நிலையத்தில் மதியம் இறங்குகிறோம். வெனிஸில் மூன்று இரவு, அப்புறம் ரயிலில் ஃபிளாரன்ஸ், ரோம். நான், மனைவி, அப்பா, அம்மா, நான்கு வயது மகள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், படி ஏறி இறங்குவதுதான் கஷ்டம். பெரிய பெட்டி நான்கு.

சான் சக்கரியா பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் எடுத்திருக்கிறேன். முகவரியில் "காஸ்தெல்லோ" என்று போட்டு நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. தெருப்பெயரைக் காணோம். இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்றே புரியவில்லை.

படித்த வரையில் மூன்று வழி தெரிகிறது. பஸ்ஸில் ஊர் வாசலில் இருக்கும் பியாட்சாலே ரோமா வரை போய் அங்கிருந்து வபோரெட்டோ, அதாவது டவுன் பஸ் மாதிரி ஓடும் படகு. இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே அலிலகூனா படகு. மூன்றாவது தனி வாட்டர் டாக்சி. டாக்சி விலையைச் சொன்னதும் அப்பா "நான் நீந்தியே வந்துவிடுகிறேன்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


தாம்பரம்_சிவா

பஸ்தான். 20 நிமிடத்தில் பியாட்சாலே ரோமா. எதிரிலேயே படகுத்துறை. ஊர் முழுக்க இப்படித்தான் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?


பதுவா_பறவை

சிவா, முதுகில் ஒரு பையோடு தனியாகப் போகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. செந்தில் வீட்டு நிலைமை வேறு.

நான் பக்கத்து ஊரில், பதுவாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வெனிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் இருப்பது தெசேரா என்ற இடத்தில், நிலப்பகுதியில், காயலின் ஓரமாக. வெனிஸ் இருப்பது காயலுக்கு நடுவில். ஊரை நிலத்தோடு சேர்ப்பது கிட்டத்தட்ட 4 கி.மீ. நீளப் பாலம். ரயிலுக்கு 1846-ல் கட்டினார்கள், அதை ஒட்டி வண்டிகளுக்கு 1933-ல். கார், பஸ், டிராம் எல்லாம் பாலம் முடிகிற பியாட்சாலே ரோமாவோடு சரி. அதைத் தாண்டிச் சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு.

பஸ் என்றால் கரையோரமாகச் சுற்றிப் பாலம் ஏறி வருகிறீர்கள். படகு என்றால் காயலைக் குறுக்கே கடக்கிறீர்கள். வரைபடத்தில் படகு குறுக்குவழி போலத் தெரியும், கடிகாரத்தில் அப்படி இல்லை. காயலில் பெரும்பகுதி ஆழமே கிடையாது. நட்டுவைத்த மரக்கம்பங்கள் காட்டுகிற ஆழமான தடத்தில்தான் படகு போக முடியும். வேகக் கட்டுப்பாடும் உண்டு. மோட்டார் படகு எழுப்பும் அலை கட்டடங்களின் அடித்தளத்தை அரிக்கிறது என்று அங்கே பல வருடமாகச் சண்டை. அதனால் உள்கால்வாய்களில் எவ்வளவு பெரிய பணக்காரர் வாடகைக்கு எடுத்த படகும் மாட்டுவண்டி வேகத்தில்தான் நகரும்.

அலிலகூனாவில் உங்களுக்கு உதவுவது நீலத் தடம். முரானோ, ஃபொந்தாமெந்தே நோவே, லீடோ என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சான் சக்கரியாவுக்கு வர ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். ஆரஞ்சுத் தடம் ஊரின் வடக்கே கன்னரேஜியோ வழியாக உள்ளே நுழைந்து ரியால்டோ பக்கம் போவது.

முகவரி விஷயம். வெனிஸில் ஆறு பகுதிகள். வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்காது, பகுதி முழுவதற்கும் ஒரே ஓட்டம். காஸ்தெல்லோவில் 6,000-ஐத் தாண்டிப் போகும். அடுத்தடுத்த எண் கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். தபால்காரருக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்காரருக்கு எழுதி மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது? அங்கிருந்து வாசலுக்கு எத்தனை பாலம்? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? பதில் வந்தால்தான் பஸ்ஸா படகா என்று பேசுவதில் அர்த்தம் இருக்கும்.


கணக்குப்பிள்ளை

பறவை பூகோளம் சொல்லிவிட்டார், நான் கணக்குச் சொல்கிறேன். விலைகள் வருடத்துக்கு வருடம் ஏறுகின்றன, கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

வபோரெட்டோவில் ஒரு பயணத்துக்கு 9.50 யூரோ. அந்தச் சீட்டு 75 நிமிடம் செல்லும். நாள் பாஸ் 24 மணி நேரத்துக்கு 25, 48-க்கு 35, 72-க்கு 45. ஆறு வயதுக்குக் கீழே இலவசம், ஆகவே மகளுக்கு வேண்டாம். மூட்டுவலி உள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றப் போகிறவர் 72 மணி பாஸ் எடுக்காமல் இருக்கப் போவதில்லை. அந்தச் செலவு எப்படியும் ஆகப் போவது, அதை ஒதுக்கிவிட்டு விமான நிலையத்துக்கான கூடுதலை மட்டும் பாருங்கள்.

விமான நிலைய பஸ் ஆளுக்கு 10 யூரோ. பெரியவர்கள் நால்வருக்கு 40. பியாட்சாலே ரோமாவில் ஏறும் வபோரெட்டோ பாஸிலேயே போய்விடும். அலிலகூனா ஆளுக்கு 18 யூரோ அளவில், நால்வருக்கு 72. அது வேறு நிறுவனம், வபோரெட்டோ பாஸ் அங்கே செல்லாது. இதைக் கவனிக்காமல் பாஸைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நிறைய. தனி டாக்சி 140 யூரோவை ஒட்டி வரும். அதுவும் குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட பெட்டிகள் வரைக்கும். மேலே போனால் தலைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு, இரவானால் இவ்வளவு என்று கூடும்.

பஸ்ஸுக்கும் அலிலகூனாவுக்கும் வித்தியாசம் 32 யூரோ. ரூபாயில் 3,000 சொச்சம். நடுவில் இறங்கி மாறாமல் போவதற்கு அது கூலி. டாக்சி இன்னும் ஏறக்குறைய 70 யூரோ மேலே. அதற்கு என்ன கிடைக்கிறது என்பது வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.


முத்துநகர்_மீரா

நான் டாக்சி கட்சி. கணக்குப்பிள்ளை அண்ணன் அடிக்க வரவேண்டாம்.

காயலைக் கடந்து வந்து, பளபளக்கும் மரப்படகு ஒரு சின்னக் கால்வாய்க்குள் திரும்பும்போது இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் வீட்டுச் சுவர். அப்புறம் சட்டென்று ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாய் விரியும். அந்த ஊருக்கு நூற்றுக்கணக்கான வருடமாக எல்லோரும் தண்ணீர் வழியாகத்தான் வந்தார்கள். பஸ்ஸில் போய் இறங்கினால் முதலில் தெரிவது மல்டிலெவல் பார்க்கிங். இவ்வளவு தூரம் போய்விட்டு முதல் பார்வையைப் பார்க்கிங்கிலா செலவழிப்பது?

இன்னொன்று, இது தலைப்புக்கு வெளியே. அந்த விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த மார்க்கோ போலோ எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரேபியாவிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே நிற்கும் என்றும், பாண்டிய ராஜாக்கள் குதிரைக்குச் செலவழிக்கும் பணத்தைப் பற்றியும். ஒரு காயலில் பிறந்து இன்னொரு காயல் வரை வந்த மனிதர்.


பதுவா_பறவை

மீரா அக்கா, அழகைப் பற்றி எனக்கும் மறுப்பில்லை. ஆனால் செந்தில் அம்மாவை நினைத்துச் சொல்கிறேன். விலை அதிகமானது என்பதால் டாக்சி ஏறுவதற்குச் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. டாக்சி சின்னப் படகு. துறையிலிருந்து ஆடுகிற படகுக்குள் காலை எடுத்து வைத்து இறங்கி, குனிந்து, இன்னும் படி இறங்கிக் கூண்டுக்குள் போக வேண்டும். படகோட்டி கை கொடுப்பார், பெரும்பாலும் நல்லபடியாகவே கொடுப்பார். ஆனாலும் முழங்கால் மடங்கத்தான் வேண்டும். இறங்கும் இடத்தில் ஏற வேண்டும். தண்ணீர் வற்றிய நேரமென்றால் படி உயரமாகிவிடும், பாசி வேறு பிடித்திருக்கும்.

வபோரெட்டோ அப்படி இல்லை. மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடலாம். ஊரிலேயே மூட்டுவலிக்காரருக்கு மிக ஏற்ற வண்டி அதுதான். அலிலகூனா இரண்டுக்கும் நடுவில். மூடிய படகு, உள்ளே இறங்கச் சில படிகள் இருக்கும், ஜன்னல் தாழ்வாக இருக்கும். அதில் போட்டோ எடுக்கலாம் என்று எண்ணி ஏறினால் ஏமாற்றம்தான்.

அப்புறம், டாக்சி வாசலிலேயே இறக்கிவிடும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பெரிய ஹோட்டல்களுக்குத் தண்ணீர்ப் பக்கம் வாசல் உண்டு. அபார்ட்மெண்ட்டுக்குப் பெரும்பாலும் இருக்காது. "பக்கத்தில் எங்கே இறக்க முடியுமோ அங்கே" இறக்குவார்கள். அங்கிருந்து பெட்டி உங்கள் கையில்.


முத்துநகர்_மீரா

சரி, முழங்கால் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். பார்க்கிங் விஷயத்தில் இல்லை.


தாம்பரம்_சிவா

பெட்டிக்கு இவ்வளவு பயமா? வபோரெட்டோவில் பெட்டி வைக்க இடம் இருக்கிறதே.


கணக்குப்பிள்ளை

இடம் இருக்கிறது. விதியும் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 150 செ.மீ.க்குள் வரும் ஒரு பெட்டிதான் சீட்டோடு சேர்த்தி. விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் பெரிய பெட்டியின் கூட்டு அளவு 158 செ.மீ. அதாவது நம் ஊரில் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று வாங்குகிற அந்தப் பெரிய பெட்டி கணக்குப்படி உள்ளே வராது. எப்போதும் அளந்து பார்க்கிறார்களா என்றால் இல்லை. ஆனால் கூட்டமான படகில் நான்கு பெரிய பெட்டியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், அளவுகோல் இல்லாமலே அந்த ஊர்க்காரர்கள் பார்வையால் அளந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது ஆபீசுக்குப் போகும் டவுன் பஸ்.


சூரிச்_தவம்

தம்பி செந்தில், நாங்கள் இங்கே சுவிஸில் இருந்து போவது ரயிலில்தான். சூரிச்சில் இருந்து நேரே வெனிஸுக்கு ரயில் உண்டு. சான்தா லூச்சியா நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் கால்வாய் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். விமான நிலையம், பஸ், மாறுதல் ஒன்றும் இல்லை. வலு சுகம். நீங்களும் மிலானில் இறங்கி ரயில் பிடித்தால் என்ன? இரண்டரை மணித்தியாலம்தானே.

ஒரு எச்சரிக்கை. "வெனேசியா மெஸ்த்ரே" என்ற பலகையைக் கண்டு இறங்கிவிட வேண்டாம். அது பாலத்துக்கு இந்தப்பக்கம். கடைசி நிலையம்தான் சான்தா லூச்சியா. எங்கள் மாமி ஒருவர் மெஸ்த்ரேயில் இறங்கிக் கால்வாயைத் தேடிக்கொண்டு நின்றார்.


கோவை_செந்தில்

தவம் அண்ணா, நன்றி. ஆனால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மேலும் ராத்திரி முழுக்க விமானத்தில் வந்துவிட்டு மிலான் மல்பென்சாவிலிருந்து மிலான் நகரத்துக்கு ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று என்றால் அப்பாவும் மகளும் சேர்ந்து அழுவார்கள்.

வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் போடுகிறேன்.


தாம்பரம்_சிவா

மெஸ்த்ரே என்றதும் ஞாபகம் வந்தது. ஏன் மெஸ்த்ரேயிலேயே தங்கக்கூடாது? விமான நிலையத்திலிருந்து நேரடி பஸ் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே லிஃப்ட் உள்ள ஹோட்டல்கள், வாடகை பாதிதான். வெனிஸுக்கு ரயிலில் 10 நிமிடம், சீட்டு 2 யூரோகூட இல்லை. டிராமும் இருக்கிறது.


பதுவா_பறவை

இளைஞர்களுக்கு நானே மெஸ்த்ரேதான் சொல்வேன். ஆனால் வயதானவர்களும் குழந்தையும் மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழ வேண்டும். மெஸ்த்ரேயில் அறை என்றால் அதற்காக ஊரை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், அம்மா ஏதாவது தேவாலயத்துப் படியில் உட்கார்ந்திருப்பார். ஊருக்குள் தங்கினால் இன்னொரு லாபமும் உண்டு. பகல் கூட்டம் சாயந்திரம் கிளம்பிப் போனபிறகு ஊர் வேறு ஊராகிவிடும். நான் இரவு தங்குபவர்களைத்தான் அதிர்ஷ்டசாலிகள் என்பேன்.


ஈரோடு_கவின்

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. 2024 முதல் வெனிஸுக்குள் நுழையவே கட்டணம் என்கிறார்களே, அது பஸ்ஸில் வந்தால்தானா, படகில் வந்தாலுமா?


கணக்குப்பிள்ளை

எப்படி வந்தாலும்தான். ஆனால் அது பகலில் வந்து போகிறவர்களுக்கு, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். ஊரில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு, அந்த நாட்களில் இணையத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தங்கும் வரியை ஹோட்டலிலேயே வாங்கிக்கொள்கிறார்களே, அதனால். செந்தில் போவது செப்டம்பர் கடைசி. அவருக்கு இந்தத் தலைவலி இல்லை.


நிர்வாகி

இட்லி, சைவ உணவகம், இந்தியக் கடை பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வந்த நான்கு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.


கோவை_செந்தில்

வீட்டுக்காரர் பதில் எழுதிவிட்டார். சான் சக்கரியா துறையிலிருந்து "ஆறே நிமிட நடை, மூன்று பாலம், மிகவும் அழகான வழி" என்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. தண்ணீர்ப் பக்கம் வாசலும் இல்லை. முன்பதிவை இன்னும் பத்து நாள் வரைக்கும் இலவசமாக ரத்து செய்யலாம்.


பதுவா_பறவை

ரத்து செய்யுங்கள்.

அவருடைய ஆறு நிமிடம் அவருடைய காலுக்கு. மூன்று பாலம் என்றால் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். வெனிஸ் பாலம் தட்டையானது இல்லை, அடியில் படகு போக வேண்டுமே, அதனால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் படிக்கட்டாக இருக்கும். நான்கு பெட்டியை நீங்களும் மனைவியும் இரண்டு நடையாகத் தூக்க வேண்டும். அப்பா முதல் பாலத்தில் பெட்டிக்குக் காவல். அம்மா மூன்றாவது மாடி ஏறியபின் மறுநாள் கீழே இறங்கவே யோசிப்பார். இதற்கு எந்தப் படகில் வந்தாலும் மருந்து கிடையாது. 140 யூரோ கொடுத்தாலும் அந்த மூன்று மாடி அப்படியேதான் இருக்கும்.

சான் சக்கரியா துறை இருக்கும் பெருங்கரையில் அக்டோபர் மாரத்தானுக்காகப் பாலங்களின் மேல் மரச்சரிவு போடுவார்கள். சில மாதம் அதை விட்டும் வைப்பார்கள். நீங்கள் போவது அதற்கு முன்பு.

ஊரில் 400-க்கு மேல் பாலங்கள். பாலமே ஏறாமல் துறையிலிருந்து போகக்கூடிய தங்குமிடங்களும் நிறைய உண்டு. தேட வேண்டியது அதைத்தான். என் யோசனை லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா. சான்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு இடப்பக்கம் திரும்பினால் தொடங்குகிற தெரு. நிலையத்திலிருந்து சான் ஜெரெமியா சதுக்கம் தாண்டி குல்யே பாலம் வரைக்கும் ஒரு படிகூட ஏற வேண்டாம், சமதரை. லிஃப்ட் உள்ள ஹோட்டலாகப் பார்த்து எடுங்கள். மூன்று நாள் கழித்து ஃபிளாரன்ஸ் ரயிலுக்கும் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம்.


முத்துநகர்_மீரா

லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவா! பறவை, உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை. முகமூடிக் கடை, காந்த பொம்மைக் கடை, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஓட்டல், அதுதானே அந்தத் தெரு? வெனிஸ் போய்விட்டு அங்கே தங்குவதற்கு மெஸ்த்ரேயே மேல்.


பதுவா_பறவை

தெரு அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே சாப்பிடவும் வேண்டாம். ஆனால் குல்யே பாலத்தைத் தாண்டிப் பழைய யூதர் குடியிருப்பு இருக்கிறது. 1516-ல் வெனிஸ் அரசு யூதர்களை அடைத்து வைத்த இடம், உலகத்துக்கே கெட்டோ என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. சாயந்திரம் அந்தச் சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள், பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். செந்தில் மகளும் அம்மாவும் அங்கே பொருந்திவிடுவார்கள். குல்யே பாலமும், சதுக்கத்துக்குள் நுழைய இன்னொரு சின்னப் பாலமும் ஏற வேண்டும். குல்யேயில் படிகள் தாழ்வு, கைப்பிடி உண்டு, கையில் பெட்டி இல்லாதபோது ஏறலாம்.


கணக்குப்பிள்ளை

தங்குமிடம் மாறினால் கணக்கும் மாறும். இப்போது பஸ்ஸே முந்துகிறது. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் பியாட்சாலே ரோமா, அங்கே 72 மணி பாஸைத் தொடங்கி, வபோரெட்டோவில் ஒரே ஒரு நிறுத்தம், ஃபெர்ரோவியா. அதாவது ரயில் நிலையத் துறை. சில நிமிடத்தில் வந்துவிடும். பஸ்ஸில் பெட்டிக்குத் தனி இடம் இருக்கிறது. வபோரெட்டோவில் பெட்டியோடு நிற்கப் போவது அந்த ஒரு நிறுத்தம்தான். பாஸ் இல்லாதவருக்கு அந்த ஒரு நிறுத்தத்துக்கு 9.50 கொடுப்பது வயிற்றெரிச்சல், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பஸ் இரண்டு நிறுவனம் ஓட்டுகிறது. ஏசிடிவியின் 5-ம் எண், ஏடிவிஓவின் விரைவு பஸ். விலை ஒன்றுதான். ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது, அதை மட்டும் பாருங்கள். வபோரெட்டோவில் ஏறும் முன் மேடையில் இருக்கும் கருவியில் பாஸைக் காட்டிச் சத்தம் வந்ததா என்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும். பரிசோதகர் வந்தால் "பாஸ்தான் இருக்கிறதே" என்ற வாதம் எடுபடாது.


தாம்பரம்_சிவா

நான் முதல் பதிலிலேயே பஸ் என்றேன். பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நிறுத்தத்துக்குப் படகு எதற்கு? பியாட்சாலே ரோமாவிலிருந்து நிலையத்துக்கு ஒரு பாலம்தானே, நடந்தே போகலாமே.


பதுவா_பறவை

அந்தப் பாலத்தைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். ஸ்பெயின்காரர் கலத்ராவா வடிவமைத்தது, 2008-ல் திறந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க நேர்த்தியாக இருக்கும். கண்ணாடிப் படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் அளவு மாறிக்கொண்டே போகும், மழையில் வழுக்கும். வழுக்கி விழுந்து அடிபட்டவர்கள் ஏராளம். கண்ணாடிக்குப் பதிலாகக் கல் பதிக்க நகராட்சி முடிவு செய்யும் அளவுக்குப் போய்விட்டது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கூண்டு மாட்டினார்கள். அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம், பிறகு கழற்றியும் விட்டார்கள். பெட்டியோடு, மூட்டுவலியோடு அங்கே போகாதீர்கள்.


சூரிச்_தவம்

பறவை சொல்வது மெய். நான் ஒரு மழை நாளில் அதில் இறங்கும்போது பக்கத்துக் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

கால்வாயைக் கடக்க இன்னொரு வழியும் இருக்கிறது. பெருங்கால்வாயில் பாலம் நாலே நாலு. நடுநடுவே "த்ரகெத்தோ" என்று ஒரு கொண்டோலா அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும், 2 யூரோ. உல்லாசக் கொண்டோலாவுக்குப் பகலில் அரை மணித்தியாலத்துக்கு 90 யூரோ. பிள்ளைக்கு ஆசை காட்ட அந்த 2 யூரோக் கொண்டோலா போதும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம், அது ஆடும்.


கோவை_செந்தில்

லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவில் லிஃப்ட் உள்ள ஹோட்டல் ஒன்று போட்டுவிட்டேன். அபார்ட்மெண்ட்டைவிட இரவுக்கு 20 யூரோ அதிகம். அலிலகூனாவில் போயிருந்தால் கூடியிருக்கும் 32 யூரோவை அதில் கழித்துக்கொண்டேன், கணக்குப்பிள்ளை சார் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். பெட்டியும் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது. அம்மா முறுக்கு டப்பாவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன் என்கிறார், அது பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

வேலைநிறுத்தம் பற்றி யாரோ பயமுறுத்தினார்கள். அன்றைக்கே வந்துவிட்டால்?


பதுவா_பறவை

இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். "ஷோப்பெரோ" என்ற சொல்லோடு தேதியைப் போட்டுக் கிளம்பும் வாரத்தில் தேடிப் பாருங்கள். அன்றும் குறைந்தபட்சச் சேவை ஓடும். மீறிப் போனால் விமான நிலைய வாசலில் கார் டாக்சி இருக்கிறது, பியாட்சாலே ரோமாவுக்கு 40, 50 யூரோ. தள்ளுவண்டியோடு கூலிக்குப் பெட்டி தூக்குகிறவர்கள் பியாட்சாலே ரோமாவில் இருப்பார்கள். விலையை முதலில் பேசிவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள். என் நண்பர் ஒருவரிடம் பாலத்தின் உச்சியில் நின்றுகொண்டு புதிய விலை பேசினார் ஒரு ஆள்.

கடல்நீர் ஏறி ஊர் மூழ்கும் பருவம் முக்கியமாக அக்டோபருக்குப் பிறகுதான். 2020 முதல் காயல் வாசலில் தடுப்புக் கதவுகள் வேலை செய்கின்றன. 2019 நவம்பரில் 187 செ.மீ. வரை ஏறியதே, அதுபோன்ற பெரிய ஏற்றத்தை அவை தடுத்துவிடும். சின்ன ஏற்றங்களில் தாழ்வான இடங்கள் நனையும், சில படகுத் தடங்களைத் திருப்பிவிடுவார்கள்.


ஈரோடு_கவின்

எனக்கு வந்திருக்கும் மலிவு டிக்கெட்டில் "வெனிஸ் த்ரெவீசோ" என்று போட்டிருக்கிறது. இதே பஸ்தானா?


கணக்குப்பிள்ளை

இல்லை தம்பி. அது வேறு விமான நிலையம், வெனிஸிலிருந்து சுமார் 40 கி.மீ. அங்கே படகே கிடையாது. மெஸ்த்ரேக்கும் வெனிஸுக்கும் விமான நேரத்தை ஒட்டி பஸ் ஓடும், ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். சில பஸ் பியாட்சாலே ரோமாவுக்கு வரும், சில திரோன்கெத்தோ தீவோடு நின்றுவிடும். திரோன்கெத்தோ என்றால் அங்கிருந்து பியாட்சாலே ரோமாவுக்குக் குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது, பயப்பட வேண்டாம். டிக்கெட் மலிவுதான் என்று முடிவு கட்டும் முன் அந்த பஸ் காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.


திருச்சி_லதா

இந்த இழைக்கு நன்றி, எனக்கு எதிர்த்திசைக் கேள்வி. ரியால்டோ பக்கத்தில் தங்குகிறோம், நானும் தங்கையும், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. திரும்பும் விமானம் மார்க்கோ போலோவிலிருந்து காலை 6:50. விடியற்காலையில் எப்படிப் போவது? ஹோட்டலில் வாட்டர் டாக்சிதான் ஒரே வழி என்கிறார்கள்.


பதுவா_பறவை

ஹோட்டல்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் அக்கா. இரவு முழுக்க "என்" என்று ஒரு வபோரெட்டோ பெருங்கால்வாயில் ஓடுகிறது. ரியால்டோவில் ஏறிப் பியாட்சாலே ரோமாவில் இறங்குங்கள். அடிக்கடி வராது, நேரத்தைத் துறைப் பலகையில் முந்தின நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய பஸ் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். முதல் பஸ் எப்போது என்று பார்த்து, அதற்கு ஏற்ற படகைத் தேர்ந்தெடுங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் பியாட்சாலே ரோமாவிலிருந்து கார் டாக்சியை முதல் நாளே சொல்லி வையுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே வாட்டர் டாக்சி செலவில் மூன்றில் ஒரு பங்குதான்.


திருச்சி_லதா

அந்நேரத்தில் இரண்டு பெண்கள் தனியாகப் போவது பத்திரமா?


முத்துநகர்_மீரா

வெனிஸ் இரவில் வெறிச்சென்று இருக்குமே தவிர பயப்படும் ஊர் இல்லை. நானும் என் தோழியும் அந்த நேரத்தில் போயிருக்கிறோம். படகில் எங்களோடு வந்தவர்கள் ரொட்டிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். சந்துகளில் வழி தவறுவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ஹோட்டலிலிருந்து துறைக்கு உள்ள வழியை முதல் நாள் இருட்டிய பிறகு ஒரு தடவை நடந்து பாருங்கள். பஸ் சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள், விடியற்காலையில் மிஷினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.